வைஃபை அடாப்டர்களோடு பதினோரு மாதம்

என் மேஜை டிராயரில் ஆறு வைஃபை அடாப்டர்கள் சும்மா கிடக்கின்றன. மூன்று வேலை செய்கின்றன: ஒன்று விமானத்தில், இரண்டு தரையில். அந்த மூன்றைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு மாதமும், தேவைக்கு மேல் ஏறக்குறைய 22 ஆயிரம் ரூபாயும் ஆனது. வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஃபோம் ஷீட்டில் விமானம் செய்து பறக்கவிடுவது பல வருடப் பழக்கம். அதில் கேமரா வைத்து, பறக்கும்போதே தரையில் படம் பார்க்க ஆசைப்பட்டதில் தொடங்கிய கதை இது. எங்கள் பக்கம் இதைச் செய்து பார்த்தவர் யாரும் எனக்குத் தெரியாது. ஒரே ஒருவர் முன்கூட்டி நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி நஷ்டம் நின்றிருக்கும். அந்த நான்கு வார்த்தையைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

2021 தீபாவளி போனஸ் கையில் இருந்தது. அதுவரை பழைய அனலாக் முறையில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தாமதம் கிடையாது, ஆனால் படம் மங்கல், மரத்துக்குப் பின்னால் போனால் வெறும் பொரிப்பொரியாக வரும். கடையில் கிடைக்கும் டிஜிட்டல் செட்டுகளின் விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அப்போதுதான் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டும் சாதாரண யூஎஸ்பி வைஃபை அடாப்டரும் வைத்தே இதைச் செய்யலாம் என்று தெரிந்தது. வைஃபைபிராட்காஸ்ட் என்ற பெயரில் 2015-இல் கிளம்பிய யோசனை அது. அதன் மேல் கட்டப்பட்ட ஓப்பன்ஹெச்டி போன்ற இலவச மென்பொருள்கள் அதற்குள் நன்றாக வளர்ந்திருந்தன. என்னிடம் ஏற்கெனவே ஒரு பை 3ஏ பிளஸ் போர்டும் ஒரு பை 4-உம் இருந்தன. பாக்கி என்ன, இரண்டு அடாப்டர்தானே என்று நினைத்தேன்.

அந்த "இரண்டு அடாப்டர்தானே" என்ற நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது. ஏன் எல்லா அடாப்டரும் இதற்கு ஆகாது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டு வைஃபையில் இரண்டு முனையும் ஒன்றோடொன்று இணைந்த பிறகுதான் தரவு போகும், அதுவும் பாக்கெட் எனப்படும் சின்னச் சின்னத் துண்டுகளாக. அனுப்பிய ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வந்து சேர்ந்தது என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் திரும்ப அனுப்பும். சிக்னல் பலவீனமானால் இந்தத் திரும்ப அனுப்பும் வேலையிலேயே நேரம் போய், படம் அப்படியே உறைந்து நின்றுவிடும். பறக்கும் பொருளுக்கு அது மரண அடி. வைஃபைபிராட்காஸ்ட் இணைப்பே போடாது. விமானத்து அடாப்டர் வானொலி நிலையம் மாதிரி ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும், தரை அடாப்டர் காதில் விழுந்ததை எல்லாம் பிடித்துக்கொள்ளும். வழியில் தொலையும் பாக்கெட்டுகளுக்காக உபரியும் சேர்த்தே போகும். உதாரணமாக எட்டுப் பாக்கெட்டோடு நான்கு உபரி சேர்த்துப் பன்னிரண்டாக அனுப்பினால், அதில் எந்த எட்டு வந்தாலும் படம் முழுசாகக் கிடைத்துவிடும். இதற்கு அடாப்டர் இரண்டு காரியம் செய்ய வேண்டும்: யாரோடும் இணையாமல் காற்றில் உள்ளதைக் கேட்கும் மானிட்டர் மோடு, இணைப்பு இல்லாமலே பாக்கெட்டைக் காற்றில் விடும் இன்ஜெக்ஷன். இரண்டும் உள்ளே இருக்கும் சிப்பையும், லினக்ஸில் அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளையும் பொறுத்தவை. பெட்டியில் போட்டிருக்கும் பெயருக்கும் வேகத்துக்கும் இதில் வேலையே இல்லை.

இது எனக்குத் தெரியாமல் இல்லை, படித்திருந்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஏதெரோஸ் ஏஆர் 9271 சிப் நல்லது, அது உள்ள மலிவான அடாப்டர் இன்னது என்று மாடல் எண் வரை குறித்து வைத்திருந்தேன். அதே எண்ணைத் தேடி ஆன்லைனில் 750 ரூபாய் வீதம் இரண்டு வாங்கினேன். பெட்டியும் அதேதான், மாடல் எண்ணும் அதேதான். பை-யில் செருகினால் மானிட்டர் மோடுக்குப் போகவே இல்லை. டிரைவர் சரியில்லை என்று நினைத்து, இரவு ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்து விதவிதமாக டிரைவர் கம்பைல் செய்தேன். ஒரு டிரைவரில் மானிட்டர் மோடு வந்தது, ஆனால் பக்கத்து அறைக்கே படம் உடைந்து உடைந்து வந்தது. மூன்று வாரம் இப்படிப் போனது. கடைசியில், யூஎஸ்பி-யில் செருகியிருப்பது எது என்று காட்டும் எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே இருப்பது வேறு சிப் என்று தெரிந்தது. மாடல் பெயரை மாற்றாமலே உள்ளே சிப்பை மாற்றியிருக்கிறார்கள். பெட்டியின் ஓரத்தில் எறும்பு மாதிரி எழுத்தில் வெர்ஷன் 2 என்று இருந்தது. அதற்குள் திருப்பித் தரும் பத்து நாள் கெடு முடிந்துவிட்டது.

இப்போது எந்த அடாப்டர் கைக்கு வந்தாலும் முதல் வேலையாக அதை லினக்ஸ் லேப்டாப்பில் செருகி, எல்எஸ்யூஎஸ்பி காட்டும் எண்ணைத்தான் பார்க்கிறேன். 9271 சிப் என்றால் அந்த எண் பெரும்பாலும் 9271 என்று முடியும். பின்னால் சொல்லப்போகும் 8812ஏயூ சிப் என்றால் பெரும்பாலும் 8812 என்று முடியும், சில கம்பெனிகள் தங்கள் சொந்த எண்ணைப் போட்டிருப்பார்கள். ஆன்லைனில் வாங்குவதானால் விற்பவரிடம் பின்பக்க ஸ்டிக்கரின் படத்தைக் கேளுங்கள். வெர்ஷன் எண் அதில் இருக்கும். படம் அனுப்ப மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். வந்த அன்றே சோதித்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்து சென்னைக்குப் போனேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியாக ஒரு சின்னக் கடையில் பழைய ஸ்டாக் இருந்தது. "அண்ணே, பிரிச்சுப் பாத்துட்டே எடுங்க, எனக்கென்ன" என்று அந்தத் தம்பி மேஜையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். லேப்டாப்பில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து, 9271 உள்ள மூன்றை 900 ரூபாய் வீதம் எடுத்தேன். போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,100. அந்த ஒரு நாள் செலவு எனக்கு உறுத்தவே இல்லை, ஏனென்றால் வீட்டுக்கு வந்து அன்று ராத்திரியே படம் வந்துவிட்டது. அறையிலிருந்து தெருமுனை வரை தெளிவான படம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்தேன். என் ரிமோட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். ரிமோட் ரிசீவர் விமானத்துக்குள், வீடியோ அடாப்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. அடாப்டர் நிறுத்தாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். தரையிலிருந்து வரும் ரிமோட்டின் சிக்னல் அந்த இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும். நாதஸ்வரம் வாசிப்பவர் பக்கத்தில் நின்றுகொண்டு, பந்தலின் மறுகோடியில் பேசுபவரைக் கேட்பது மாதிரி. வீடியோவைத் தனியாகச் சோதித்தேன், ரிமோட்டைத் தனியாகச் சோதித்தேன், இரண்டையும் சேர்த்துப் போட்டு நடந்து பார்க்கவில்லை. டிசம்பர் கடைசி ஞாயிறு, ஏறக்குறைய 250 மீட்டரில் விமானம் என் கையை விட்டுப் போனது. படம் மட்டும் கடைசி வரை அருமையாக வந்தது. சீமைக்கருவேலம் புதர் நெருங்கி நெருங்கி வருவதைத் தெளிவாகப் பார்த்தேன். இறக்கை இரண்டாகிவிட்டது, மோட்டார் ஷாஃப்ட் வளைந்துவிட்டது, கேமராவும் போனது. 4,200 ரூபாய். காட்டில் ஆள் இல்லாததுதான் அன்றைக்கு நல்ல காலம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நூறு நாள் கத்திரித்து ஒட்டிய விமானம் என்பதை விட, கீழே யாராவது ஆடு மேய்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புதான் குடைந்தது.

ஆகவே ரிமோட் 2.4 என்றால் வீடியோவுக்கு 5.8 எடுங்கள். இரண்டையும் ஒரே அலைவரிசைப் பட்டையில் வைத்துச் சமாளிக்கிறேன் என்று இறங்க வேண்டாம். 9271 சிப்பை 2.3 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கி ஓட்டலாம் என்றும் சிலர் சொல்வார்கள். சிப் இறங்கும், உண்மைதான். ஆனால் நம் நாட்டில் 2,300 முதல் 2,400 மெகாஹெர்ட்ஸ் வரை 4ஜி ஓடுகிறது, உரிமம் பெற்றவர்களின் இடம் அது. அதைத் தொடவே கூடாது. 5 கிகாஹெர்ட்ஸில் நமக்கு நிறைய இடம் இருக்கிறது. 2018 அக்டோபர் அறிவிக்கையில் 5,150 முதல் 5,350 வரையும் 5,470 முதல் 5,875 வரையும் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்துவிட்டார்கள், சக்தி வரம்புகளோடு. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பட்டையில் போனாலும், முதல் பறத்தலுக்கு முன் எல்லா ரேடியோவையும் ஒன்றாக ஓடவிட்டு, ரிமோட்டோடு நடந்து பாருங்கள். ரிமோட்டை அணைத்தால் விமானம் என்ன செய்கிறது என்றும் தரையில் வைத்தே பாருங்கள். சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று விமானத்துக்கு முன்கூட்டிச் சொல்லிவைக்கும் ஃபெயில்சேஃபை அமைக்காமலே நான் பறக்கவிட்டிருந்தேன்.

5.8-க்கு ரியல்டெக் ஆர்டிஎல் 8812ஏயூ என்று முடிவு செய்தேன். இரண்டு ஆண்டெனா, இரண்டு பட்டையும் வேலை செய்யும், இதற்கென்றே திருத்திய டிரைவர் இருக்கிறது. உள்ளூரில் விலை அதிகமாகத் தெரிந்ததால் 2022 ஜனவரியில் சீனாவிலிருந்து நேரடியாக ஆர்டர் போட்டேன், 5,600 ரூபாய். பார்சல் சுங்கத்தில் நின்றது. வைஃபை மாதிரி ரேடியோ அலை வெளியிடும் கருவியை இறக்குமதி செய்தால், மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசி-யின் வகை ஒப்புதல் வேண்டும். அது என்னிடம் எங்கே இருக்கிறது? போதாக்குறைக்கு விற்பவர் பார்சலின் மேல் ட்ரோன் வீடியோ என்று எழுதிவிட்டார். அந்த பிப்ரவரி 9-ஆம் தேதிதான் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை அறிவித்தார்கள். உதிரிப் பாகங்களுக்குத் தடை இல்லைதான், ஆனால் என் பார்சலுக்காக அதை யார் போய் வாதாடுவது? 47 நாள் தகவல் பார்த்துப் பார்த்து, கடைசியில் கைவிட்டேன். பணம் திரும்பவில்லை. இங்கே ஏற்கெனவே முறையாக இறக்குமதி செய்து விற்பவரிடம் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவது எவ்வளவோ மலிவு என்பதை அந்த 47 நாளில் படித்தேன்.

மார்ச்சில் உள்ளூரிலேயே அதிக சக்தி கொண்ட 8812ஏயூ ஒன்று, 4,300 ரூபாய்க்கு வாங்கினேன். சிப் எண் பார்த்தேன், சரி. டிரைவர் ஏற்றினேன், சரி. படத்தை அனுப்பத் தொடங்கியதும் சில நொடிகளில் அடாப்டர் காணாமல் போகும். சில சமயம் பை-யே ரீபூட் ஆகும். டிரைவரைச் சந்தேகப்பட்டேன், மெமரி கார்டைச் சந்தேகப்பட்டேன், பிறகு அடாப்டரே பழுது என்று முடிவுகட்டி இன்னொரு 4,300 போட்டு இரண்டாவது வாங்கினேன். அதுவும் அதே கூத்து. ஒரு மாதம் போன பிறகு ஒரு நாள் மல்டிமீட்டரை யூஎஸ்பி முனையில் வைத்துப் பார்த்தேன். ஒலிபரப்பு தொடங்கியதும் 5 வோல்ட் 4.4-க்கு இறங்கியது. மில்லில் தினமும் வோல்டேஜ் டிராப் தேடுவதுதான் என் பிழைப்பு. வீட்டில் அதே வேலையைச் செய்ய எனக்கு ஒரு மாதம் தோன்றவில்லை என்பது இன்றைக்கும் மனசைச் சுடுகிறது.

அதிக சக்தி அடாப்டர் ஒலிபரப்பும்போது ஓர் ஆம்பியர், சில சமயம் அதற்கும் மேல் இழுக்கும். பை-யின் யூஎஸ்பி முனையும் அதற்கு முன்னால் இருக்கும் மெல்லிய வயரும் அதைத் தாங்காது. பேட்டரியிலிருந்து அடாப்டருக்கென்றே தனியாக 3 ஆம்பியர் 5 வோல்ட் பிஇசி (பேட்டரி வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் சின்னப் போர்டு) ஒன்று போடுங்கள். வயர் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கட்டும். யூஎஸ்பி கேபிளில் டேட்டா வயர் இரண்டும் கிரவுண்டும் மட்டும் போதும், சிவப்பு வயரை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு சப்ளையும் ஒன்றோடொன்று மோதும். கிரவுண்ட் மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அடாப்டரின் 5 வோல்ட் முனையிலேயே 1,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வைத்தேன். முடிந்தால் யூஎஸ்பி பிளக்கையே தவிர்த்து நேராக சால்டர் செய்துவிடுங்கள். மோட்டார் அதிர்வில் பிளக் தளர்ந்து படம் போவதை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவுக்கும் 600 ரூபாய்தான் ஆனது. 4,300 ரூபாய் இரண்டாவது அடாப்டருக்குப் பதில் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது இது.

சப்ளை சரியானதும் ஆசை அதிகமாகிவிட்டது. மே மாதம், மொட்டை மாடி அறை, சக்தியை உச்சத்தில் வைத்து மேஜை மேல் தொடர்ந்து ஓடவிட்டேன். இருபது நிமிடத்தில் அடாப்டரைத் தொட முடியவில்லை. அடுத்த சில நாளில் இரண்டு ஆண்டெனாவில் ஒன்றின் சிக்னல் மற்றதை விடப் பல டெசிபல் கீழே போய்விட்டது, திரும்ப ஏறவே இல்லை. அந்தப் பக்கத்தில் சிக்னலைப் பெருக்கும் பவர் ஆம்ப்ளிஃபையர் போய்விட்டது என்று நினைக்கிறேன். இன்னொரு காரணமும் இருக்கலாம்: இடையிடையே ஆண்டெனாவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன், அப்போது ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டெனா இல்லாமல் ஒலிபரப்பினால் போகும் சக்தி போக வழியில்லாமல் திரும்பி ஆம்ப்ளிஃபையர் மேலேயே விழும். எது காரணமோ, 4,300 போனது. இப்போது பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றிவிட்டு, சிப்பின் மேல் அலுமினிய ஹீட்சிங்க் ஒட்டி, விமானத்து மூக்கில் காற்று நுழைய ஓட்டை போட்டிருக்கிறேன். மேஜையில் சோதிக்கும்போது சிறிய ஃபேன் ஒன்று எதிரில் ஓடும், சக்தியும் குறைந்தபட்சத்தில் இருக்கும். நம் வெயிலில் இது பந்தாவுக்குச் செய்வதில்லை.

சரி, இனி தூரம். ஜூனில் வெளியே எடுத்துப் போனால் 100 மீட்டரிலேயே சிக்னல் மைனஸ் 85 டிபிஎம். சிக்னல் பலத்தின் அளவு அது, மைனஸுக்குப் பின்னால் வரும் எண் ஏற ஏற சிக்னல் பலவீனம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் தூரத்தில் மைனஸ் 60-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 25 டெசிபல் எங்கேயோ போகிறது. 2,400 ரூபாய்க்கு வாங்கிய புது ஆண்டெனாக்களின் திருகு அடாப்டரில் அழகாகப் பொருந்தியிருந்தது. ஒரு நாள் டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். அடாப்டரின் முனையில் நடு ஊசி இருந்தது, ஆண்டெனாவிலும் நடு ஊசி இருந்தது. ஊசி ஊசியோடு முட்டி நின்றது, பிணைப்பே இல்லை. வைஃபை அடாப்டர்களில் பெரும்பாலும் ஆர்பி-எஸ்எம்ஏ முனை இருக்கும், ட்ரோன் வீடியோ ஆண்டெனாக்கள் பல எஸ்எம்ஏ-வில் வரும். திருகு ஒன்றே, நடு ஊசி தலைகீழ். ஒன்றில் ஊசி, மற்றதில் துளை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டே மாட்டுங்கள். அதோடு, அலையைச் சுழலவிட்டு அனுப்பும் சுழல் முனைவு ஆண்டெனாவானால் இரண்டு பக்கமும் ஒரே சுழற்சியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் வலம், மறுபக்கம் இடம் என்றால் தூரம் மறுபடியும் பாழ். சரியான ஆண்டெனாக்களுக்கு இன்னொரு 1,800 ஆனது.

இவ்வளவு அடிபட்ட பிறகு பறக்கவிட்டுச் சோதிக்கும் வழக்கத்தையே விட்டுவிட்டேன். எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு கரடு இருக்கிறது. விமானத்தின் வீடியோப் பகுதியை மட்டும் ஒரு மூங்கில் கம்பில் கட்டி மேலே நிறுத்தி, மச்சினனைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு, தரைப் பெட்டியைப் பைக் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்புவேன். அரை கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று, சிக்னல் எவ்வளவு, நூறில் எத்தனை பாக்கெட் தொலைந்தது என்று நோட்டில் எழுதுவேன். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறைய வேண்டும். குறைந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். திடீரென்று 15 டெசிபல் குறைந்தால் நடுவில் புளியமரமோ மேடோ இருக்கிறது. கண்ணுக்கு நேர்கோடு தெரிந்தாலும் போதாது, அந்தக் கோட்டைச் சுற்றியும் இடம் காலியாக இருக்க வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டருக்கு நடுவழியில் மூன்றரை மீட்டர் ஆரம் வரை அந்த வெளி தேவை. தரை ஆண்டெனாவைப் பைக் சீட்டிலிருந்து ஓர் ஆள் உயரக் கம்புக்கு ஏற்றியதிலேயே படம் மாறியதைப் பார்த்தேன்.

இந்தப் பைக் சோதனைகள்தான் சக்தி பற்றிய என் எண்ணத்தை மாற்றின. பெட்டியில் 2,000 மில்லிவாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து நான் மயங்கியிருந்தேன். சக்தியை நான்கு மடங்காக்கினால்தான் தூரம் இரண்டு மடங்காகும். சூடும் பேட்டரிச் செலவும் அதற்கு முன்னாலேயே ஏறிவிடும். தரையில், ஒரே திசையைக் கூர்ந்து கேட்கும் 8 டெசிபல் பேட்ச் ஆண்டெனா ஒன்று வைத்தாலே ஆறு மடங்கு சக்திக்குச் சமம், பேட்டரியில் ஒரு மில்லியாம்பியர் கூடச் செலவில்லை. தரைப் பக்கத்துக்கு அதிக சக்தி அடாப்டரே தேவையில்லை, அது கேட்கத்தான் போகிறது. சாதாரண 8812ஏயூ இரண்டை 1,900 ரூபாய் வீதம் வாங்கி, ஒன்றில் பேட்ச், மற்றதில் எல்லாத் திசையும் கேட்கும் ஆண்டெனா என்று வைத்தேன். இந்த முறையின் பெரிய அழகே அதில்தான் இருக்கிறது: இரண்டு அடாப்டரும் தனித்தனியாகப் பிடித்த பாக்கெட்டுகளை மென்பொருள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். ஒன்று தவறவிட்டதை மற்றது பிடித்திருக்கும். ஒரே இடத்தில் நின்று பார்த்தபோது ஒரு அடாப்டரில் நூறுக்கு ஆறேழு தொலைந்தது, இரண்டைச் சேர்த்ததும் ஒன்றுக்கும் கீழே வந்தது. வேகத்தையும் குறைவாகவே வைத்தேன். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், வைஃபையின் வேகப் படிகளில் ஒன்றான எம்சிஎஸ் 1 என்றால் 13 மெகாபிட், அதில் படத்துக்கு 5 மெகாபிட். வேகத்தை ஏற்ற ஏற்ற அடாப்டருக்குக் காது மந்தமாகும். 867 மெகாபிட், 1,200 மெகாபிட் என்று பெட்டியில் இருப்பது நமக்கு எதற்குமே உதவாது.

சின்ன விஷயம் ஒன்று. 2.4-இல் ஓட்டுகிறவர்கள் தரைப் பெட்டியில் யூஎஸ்பி 3 பென்டிரைவில் பதிவு செய்யாதீர்கள். யூஎஸ்பி 3 ஓடும்போது அதே பட்டையில் இரைச்சல் கிளப்பும். ஜிபிஎஸ்ஸையும் அடாப்டரிடமிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். அப்புறம், எல்லாம் ஒழுங்காக ஓடும் மெமரி கார்டை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை சிஸ்டத்தை அப்டேட் செய்ததில் டிரைவர் காணாமல் போய் எனக்கு ஒரு வாரம் வீணானது.

இப்போது புதிதாகத் தொடங்குகிறவர் என்னிடம் கேட்டால், விமானத்துக்கு 8812 குடும்பத்தில் பவர் ஆம்ப்ளிஃபையர் உள்ள ஒன்று, தரைக்குச் சாதாரணமானவை இரண்டு என்றுதான் சொல்வேன். அண்மையில் 8812இயூ சிப் வைத்த, சால்டர் செய்யும் மாட்யூல்களும் வருகின்றன. எடை குறைவு, 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், டிரைவர் வேறு. வாங்கும் முன் உங்கள் மென்பொருள் அதை ஏற்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபையை நம்பி இறங்க வேண்டாம். மூன்று அடாப்டர், ஆண்டெனா, சப்ளைச் சாமான் எல்லாம் சேர்த்து எனக்கு 10,500 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது. கணக்கு நோட்டில் 32,300 என்று இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. என் விமானம் 1,100 கிராம். பதிவு எண் வேண்டும், வணிகத்துக்கு இல்லையென்றால் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில், முன் அனுமதி தேவையில்லாத பச்சைப் பகுதியா என்று பார்க்க வேண்டும், அங்கேயும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. நான் கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டுவதே இல்லை, 600 மீட்டருக்குள்தான். அப்படியானால் மூன்று கிலோமீட்டர் லிங்க் எதற்கு என்று மச்சினனே கேட்டான். மூன்று கிலோமீட்டரில் படம் தரும் லிங்க், 600 மீட்டரில் 14 டெசிபல் மிச்சம் வைத்திருக்கும். விமானம் சாய்ந்து ஆண்டெனா திசை மாறினாலும், ஒரு மரம் குறுக்கே வந்தாலும் அந்த மிச்சம்தான் காப்பாற்றும். சீமைக்கருவேலம் புதரில் விழுந்த அன்று என்னிடம் அப்படி எந்த மிச்சமும் இல்லை.

2022 அக்டோபரில், கரட்டின் மேலிருந்து மூன்று கிலோமீட்டரில் மைனஸ் 83 டிபிஎம் எழுதிய மறுவாரம், புது விமானத்தைப் பறக்கவிட்டேன். ரிமோட்டை அணைத்து ஃபெயில்சேஃப் பார்த்தேன், சப்ளையில் வோல்ட் பார்த்தேன், ஆண்டெனா ஊசியை இன்னொரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தேன். மச்சினன் திரையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். முதல் பேட்டரி முடிகிற வரை அவன் பேசவே இல்லை. விமானம் இறங்கிய பிறகு, "மாமா, இன்னைக்குக் கட்டம் கட்டமா உடையவே இல்ல, நம்ம கிணத்து மேட்டுல அக்கா துணி காயப்போடுறது வரைக்கும் தெரிஞ்சுது" என்றான். இரண்டாவது பேட்டரியை மாட்டும்போது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.